30 அடியிலிருந்து 17,000 அடிக்கு

பூஜை நெருங்கினால் கொல்கத்தாவில் பாதிப் பேர் புதுத்துணி எடுக்கிறார்கள். மீதிப் பேர் பரணில் கிடக்கும் மங்கி கேப்பைத் தூசி தட்டுகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டாம் கட்சியிடமிருந்து. எல்லாருக்கும் சிக்கிம் போக வேண்டும். சொந்தக் காரில் போக வேண்டும். நாலே நாளில் திரும்பவும் வேண்டும். சினிமா, அரசியல், மாமியார் பற்றிய கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்துவிட்டு மலை ஏறுவோம்.

லேக் மார்க்கெட் வாசகர்: கொல்கத்தாவிலிருந்து குருதோங்மார் ஏரிக்குக் காரில் போய் வர எத்தனை நாள் வேண்டும்? எங்கள் மாடி வீட்டுக்காரர் நாலு நாள் போதும் என்கிறார்.

அவர் போய் வந்தாரா, இல்லை உங்களை மட்டும் அனுப்பிப் பார்க்கிறாரா? சிலிகுரிக்கே ஏறத்தாழ 570 கிலோமீட்டர். கிருஷ்ணநகர், பெர்ஹாம்பூர், ஃபராக்கா, மால்டா, ராய்கஞ்ச், டால்கோலா என்று ஒவ்வொரு ஊரிலும் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாக்களுக்கு வழிவிட்டுப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அங்கிருந்து காங்டாக் சுமார் 115 கிலோமீட்டர். தீஸ்தா நதியும் மண்சரிவும் சம்மதித்தால் ஐந்து மணி நேரம். காங்டாக்கிலிருந்து லாச்சென் இன்னும் ஆறேழு மணி நேரம். லாச்செனிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ கிளம்பினால்தான் ஏரி. மதியத்துக்கு மேல் அங்கே காற்று ஆளைத் தள்ளும்.

பார்க்கப் போகும் இடங்களை எண்ணாதீர்கள். படுக்கப் போகும் இடங்களை எண்ணுங்கள். சிலிகுரியில் ஓர் இரவு (400 அடி), காங்டாக்கில் இரண்டு இரவு (5,400 அடி), லாச்செனில் இரண்டு இரவு (9,000 அடி), லாச்சுங்கில் ஓர் இரவு, திரும்பும்போது காங்டாக்கில் ஒன்று, சிலிகுரியில் ஒன்று. ஆக எட்டு இரவு, ஒன்பது பகல். அதோடு மண்சரிவுக்கென்று ஒரு நாளைத் தனியாக எடுத்து வையுங்கள். மொத்தம் பத்து நாள். நாலு நாள்தான் லீவு என்றால் காங்டாக்கோடு நிறுத்திக்கொண்டு, எம்.ஜி. மார்க்கில் உட்கார்ந்து மோமோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

பெஹாலா: புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வாங்கியிருக்கிறேன். ஏரிக்கரை வரைக்கும் என் வண்டியிலேயே போக வேண்டும் என்பது ஆசை.

ஆசையும் வண்டியும் காங்டாக் வரைக்கும் போகலாம். அதற்கு மேல் வடக்கு சிக்கிம், சாங்கு ஏரி, நாதுலா எல்லாம் எல்லையோரப் பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் பதிவு பெற்ற டிராவல் ஏஜென்ட் மூலம் எடுக்க வேண்டும். சிக்கிம் பதிவெண் உள்ள சுற்றுலா வண்டியில், உள்ளூர் டிரைவரோடு போக வேண்டும். மேற்கு வங்க நம்பர் பிளேட்டைப் பார்த்தால் சோதனைச்சாவடியில் அன்பாகத்தான் பேசுவார்கள். ஆனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் வண்டி ஹோட்டல் வாசலில் மூன்று நாள் ஓய்வெடுக்கட்டும். அந்தச் சாலையில் தினமும் போய் வருகிறவர் ஓட்டுவதைப் பின்சீட்டிலிருந்து பார்த்தால், நாமே ஓட்டியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டாவது வளைவிலேயே போய்விடும்.

இன்னொன்று. குடும்பத்தில் எல்லாருடைய வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையோடு இருக்கட்டும். நகலும் பாஸ்போர்ட் அளவுப் போட்டோவும் நாலைந்து செட் வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போய் கவுன்ட்டரில் விழித்தவர்கள் உண்டு.

டம்டம்: இரவோடு இரவாக ஓட்டினால் ஒரு நாள் மிச்சம் ஆகுமே?

ஆகும். அந்த மிச்ச நாளை ஆஸ்பத்திரியில் கழிக்கலாம். நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் வரும் டிராக்டர், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு, ஃபராக்கா அணையின் மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் லாரி வரிசை. இதெல்லாம் பகலிலேயே போதும் போதும் என்றிருக்கும். இரவுதான் வேண்டுமென்றால் சியால்டாவில் டார்ஜிலிங் மெயில் ஏறிப் படுங்கள். காலையில் நியூ ஜல்பாய்குரி. போக ஒரு நாள், வர ஒரு நாள் மிச்சம், முதுகும் மிச்சம். டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பூஜை நாட்களுக்கென்றால் திறந்த காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். காபி குடித்துவிட்டு வந்தால் வெயிட்டிங் லிஸ்ட்.

டாலிகஞ்ச் வாசகி: உயரத்தில் மூச்சு முட்டினால் கற்பூரம் முகர்ந்தால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சாங்குவுக்கோ குருதோங்மாருக்கோ போகும் எந்த ஜீப்பை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். பிள்ளையார் கோயில் கர்ப்பக்கிருக வாசனை வரும். கைக்குட்டையில் முடிந்த கற்பூரத்தைக் குடும்பமே மாற்றி மாற்றி முகரும். மற்றொரு கை பாப்கார்ன் பொட்டலத்தில் இருக்கும், அதுவும் மலை நோய்க்கு மருந்து என்று டிரைவரே சொல்லியிருப்பார்.

நடப்பது இதுதான். குருதோங்மார் இருக்கும் 17,000 அடியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு கொல்கத்தாவில் இருக்கும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் அங்கே இருக்கும். அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் பாதி. கற்பூரம் மூக்கின் உள்ளே இருக்கும் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைச் சீண்டுகிறது. மூக்கு திறந்துவிட்ட மாதிரி ஒரு பிரமை உண்டாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளி கூடுவதில்லை. ஆபத்து அந்தப் பிரமையில்தான் இருக்கிறது. தலைவலியோடு கீழே இறங்க வேண்டியவர், “இப்ப கொஞ்சம் பரவாயில்லை” என்று மேலே போய்விடுவார். குழந்தைகள் கையில் கற்பூரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விழுங்கினால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும்.

பாப்கார்ன் சாப்பிடலாம். பொழுது போகும்.

கோயம்புத்தூர் வாசகர்: அப்படியானால் என்னதான் செய்வது? டயமாக்ஸ் போடலாமா?

முதல் மருந்து நிதானம். அது எந்த மெடிக்கல் ஷாப்பிலும் விற்பதில்லை என்பதால் யாரும் வாங்குவதில்லை. மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது: சுமார் 10,000 அடிக்கு மேல் போனபிறகு, இன்றைக்குப் படுக்கும் உயரத்தைவிட நாளைக்குப் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. அதாவது 1,600 அடி சொச்சம். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் உயரே போய்விட்டு இரவில் கீழே வந்து படுப்பதை உடம்பு ஓரளவு மன்னிக்கும்; உயரத்திலேயே படுத்துக்கொள்வதை அவ்வளவு சுலபமாக மன்னிக்காது.

வழக்கமான மூன்று நாள் பேக்கேஜில் கோளாறு இங்கேதான். திங்கள் காலை காங்டாக், திங்கள் இரவு லாச்சென், செவ்வாய் விடியலில் 17,000 அடி. சிலிகுரியில் இறங்கிய மறுநாளே காங்டாக்கை விட்டுக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் உயரம் சுமார் 30 அடி. 30 அடியில் பிறந்து வளர்ந்து, மூன்றாவது மாடிக்கே லிஃப்ட் தேடும் உடம்பை மூன்றே நாளில் அங்கே கொண்டுபோய் நிறுத்தி, ஏரிக்கு முன்னால் செல்ஃபிக்குச் சிரிக்கவும் சொல்கிறோம். ஏரிக்குப் போகும் முன் லாச்செனில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குவதற்கு ஏஜென்ட்டிடம் பேசுங்கள். முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

டயமாக்ஸ் என்கிற அசெட்டசோலமைடு உண்மையான மருந்துதான். மூச்சைக் கொஞ்சம் வேகப்படுத்தி உடம்பு பழகிக்கொள்ளும் நேரத்தைக் குறைக்கிறது. ஆனால் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது வழக்கம். தலைவலி வந்தபின் டிரைவரிடம் கடன் வாங்கிப் போடுவது வழக்கமாக இருக்கக் கூடாது. சிறுநீர் அடிக்கடி வரும். ஜீப்பில் நடுசீட்டில் உட்காராதீர்கள்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை மட்டும் இருந்தால் மேற்கொண்டு ஏறாமல் இருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே இறங்குங்கள். யார் மீதாவது சந்தேகமாக இருந்தால் அவரை ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் பெருவிரலை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விவாதம் வேண்டாம். நடுராத்திரியானாலும் வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பச் சொல்லுங்கள்.

சால்ட் லேக்: அம்மாவுக்கு 76 வயது, ரத்த அழுத்தம் உண்டு. “சாகறதுக்குள்ள ஒரு தடவை பனியைத் தொட்டுப் பாக்கணும்” என்கிறாள்.

முதலில் அம்மாவின் டாக்டர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அவர் தலையசைத்தாலும் நாதுலா வேண்டாம். 14,140 அடி, அதில் படி வேறு ஏற வேண்டும். திங்கள், செவ்வாயில் அது திறப்பதும் இல்லை. சாங்கு ஏரி 12,300 அடி. காங்டாக்கில் இரண்டு நாள் தங்கிப் பழகியபின் காலையில் போய், அரைமணி நேரம் இருந்து, மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். குளிர்காலம் முடியும் சமயத்தில் சாலையோரத்திலேயே பனி கிடக்கும். தொடுவதற்கு அம்மா வண்டியைவிட்டு நாலு அடி நடந்தால் போதும்.

டாக்டர் தலையசைக்கவில்லையா? டார்ஜிலிங் 6,700 அடிதான். டிசம்பர் காலையில் ஜன்னலைத் திறந்தால் கஞ்சன்ஜங்கா வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதைத் தொட முடியாது. அம்மாவிடம் சொல்லுங்கள், 1955-இல் அந்தச் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய பிரிட்டிஷ்காரர்களும் உச்சியை மிதிக்கவில்லை. சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குக்காகச் சில அடி கீழேயே நின்று திரும்பிவிட்டார்கள்.

நியூ டவுன்: வழியில் மண்சரிவு வந்தால் என்ன செய்வது?

‘வந்தால்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். சிலிகுரியை அடுத்த செவோக்கிலிருந்து காங்டாக் போகும் தேசிய நெடுஞ்சாலை 10, மழைக்காலத்தில் திறந்திருந்தால்தான் செய்தி. ஒரு பக்கம் இளகிய மலை, மறுபக்கம் கரையை அரிக்கும் தீஸ்தா. நடுவில் நாம்.

2023 அக்டோபர் 4-ஆம் தேதி அதிகாலையில் தெற்கு லோனாக் என்ற பனியாற்று ஏரி உடைந்தது. வெள்ளம் சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் மின் திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு போனது. கீழே பாலங்கள், வீடுகள், ராணுவ முகாம் எல்லாம் போயின. நிறைய உயிர்களும் போயின. சுங்தாங் சின்ன ஊர்தான். ஆனால் லாச்சென் ஆறும் லாச்சுங் ஆறும் கூடுவது அங்கேதான்; லாச்செனுக்கும் லாச்சுங்குக்கும் சாலை பிரிவதும் அங்கேதான். அந்த முடிச்சு அவிழ்ந்ததிலிருந்து வடக்கு சிக்கிம் இன்னும் முழுசாகத் தேறவில்லை. ஒரு மழையில் மூடுவார்கள், பாலம் போட்டுத் திறப்பார்கள், அடுத்த மழையில் மறுபடியும் மூடுவார்கள். அதனால் ஆறு மாதத்துக்கு முன்பு போய் வந்த உறவினரிடம் வழி கேட்டுப் பிரயோஜனமில்லை. கிளம்புகிற வாரத்தில், முடிந்தால் கிளம்புகிற அன்று, காங்டாக்கில் இருப்பவரிடம் கேளுங்கள்.

சரிவில் மாட்டிக்கொண்டால் டிரைவரைப் பாருங்கள், அவர் செய்வதைச் செய்யுங்கள். முதல் வேலையாக வண்டியை மலையை ஒட்டி நிறுத்தாமல், மேலே அண்ணாந்து பார்த்து, பாறை தொங்காத இடத்துக்கு நகர்த்துவார். பிறகு என்ஜினை அணைத்து, இறங்கிப் போய் முன்னால் நிற்கும் ஜேசிபிக்காரரோடு நேபாளியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். அந்த முகத்திலேயே தெரிந்துவிடும், ஒரு மணி நேரமா, ஓர் இரவா என்று. அதற்குள் கொல்கத்தா பயணிகள் கூட்டமாகப் போய்ச் சரிவின் விளிம்பில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எடுக்காதீர்கள். மேலே இருப்பது இன்னும் கீழே வந்து முடியவில்லை.

நெடுஞ்சாலை மூடிவிட்டால் கோருபத்தான், லாவா, அல்கரா வழியாகச் சுற்றிப் போகிற பாதை ஒன்று உண்டு. நேரமும் வாடகையும் கூடும். காடு, மூடுபனி, தேயிலைத் தோட்டம் என்று வழியும் அழகு. திட்டுவதற்கு மனசு வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் தலைவைக்காமல் இருப்பது எல்லாவற்றையும்விட உத்தமம்.

ஜாதவ்பூர் மாணவி: சிக்கிம் கூட்டமும் வேண்டாம், பர்மிட் தொல்லையும் வேண்டாம். மேற்கு வங்கத்துக்குள்ளேயே உயரமான இடம் எது?

சந்தக்ஃபூ, தங்கச்சி. 3,636 மீட்டர், அடிக் கணக்கில் 11,929. மாநிலத்திலேயே உயரமான முனை. நியூ ஜல்பாய்குரியிலிருந்து மிரிக், சுகியாபோக்ரி வழியாக மானேபஞ்சாங் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது.

மானேபஞ்சாங் கடைத்தெருவில் வரிசையாக நிற்பவை 1950-களின் லேண்ட்ரோவர்கள். பிரிட்டிஷ் தோட்டத் துரைமார் காலத்துச் சரக்கு. வெளித்தோல்தான் இங்கிலாந்து, உள்ளே பல வண்டிகளில் மஹிந்திரா என்ஜின் துடிக்கிறது. 30 கிலோமீட்டர் சொச்சத் தூரம். அந்தக் காலத்துக் கற்பாதையில் அதற்கே அரை நாள் போய்விடும். இப்போது நிறையத் தூரம் காங்கிரீட் போட்டுவிட்டதால் பொலேரோக்களும் ஏறுகின்றன. ஆனாலும் லேண்ட்ரோவரில் ஒருமுறை போக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் திரும்பாது. டிரைவர் பாதி ஏறி, நிறுத்தி, பள்ளத்தின் பக்கம் பின்னால் உருளவிட்டு, மறுபடி முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறுவார். அந்தப் பின்னால் உருளும் மூன்று விநாடியில் நாத்திகர்களும் முருகா என்பார்கள்.

துமலிங்கில் ஓர் இரவு தங்கிவிட்டு மேலே போங்கள். 9,600 அடியிலிருந்து 11,900 அடி என்பது நான் மேலே சொன்ன கணக்குக்குச் சற்று அதிகம்தான். ஆனாலும் சிலிகுரியிலிருந்து ஒரே மூச்சில் போவதைவிட எவ்வளவோ மேல். சாலை இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் மாறி மாறிப் போகும். நீங்கள் டீ குடிக்கும் கடை நேபாளமாக இருக்கலாம். அடையாள அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். உச்சியில் விடியலில் எவரெஸ்ட், லோட்சே, மக்காலு, கஞ்சன்ஜங்கா நாலும் தெரியும். உலகின் முதல் ஐந்தில் நாலு. கே-2 மட்டும் ஆப்சென்ட். கஞ்சன்ஜங்கா தொடரைப் படுத்திருக்கும் புத்தர் என்பார்கள். அதில் முகமாக அமைந்த சிகரத்தின் பெயர் கும்பகர்ணன். தூங்குகிற முகத்துக்கு வேறு யார் பெயரை வைப்பார்கள்?

சந்தக்ஃபூ இருக்கும் சிங்கலீலா தேசியப் பூங்கா ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மூடியிருக்கும். பர்மிட் தொல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கத்தான் வேண்டும்.

ஹவுரா: என் மகன் நண்பனோடு கொல்கத்தாவிலிருந்து லடாக்குக்கு பைக்கில் போகிறேன் என்கிறான். விடலாமா?

விடாவிட்டால் சொல்லாமல் போவான். அதனால் கணக்குச் சொல்லி விடுங்கள். ஸ்ரீநகர், கார்கில் வழியாக உள்ளே போய், மணாலி வழியாக வெளியே வரச் சொல்லுங்கள். ஸ்ரீநகர் 5,200 அடி, கார்கில் 8,800 அடி, லே 11,500 அடி; இரவுகள் படிப்படியாக ஏறும். மணாலி வழியாகப் போனால் 2020-இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் புகுந்து சுலபமாக அந்தப் பக்கம் போய்விடுவான். பலர் மறுநாள் இரவே சர்ச்சுவில் 14,000 அடியில் கூடாரத்தில் படுத்துவிடுவார்கள். விடிய விடியத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை அங்கேதான் பார்க்கலாம். ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவு தங்காமல் அந்தப் பக்கம் கூடாது.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு-காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வாங்கிக் கொடுங்கள். செலவு கொஞ்சம்தான், உங்கள் தூக்கத்துக்கு அது தேவை.

கர்துங் லா கணவாயில் 18,380 அடி என்ற பலகைக்கு முன்னால் நின்று போட்டோ அனுப்புவான். சரியாக அளந்தால் 17,582 அடிதான். இதை அவனிடம் சொல்லாதீர்கள்.

மாம்பலம், சென்னை: தமிழனுக்கும் இமயமலைக்கும் என்ன சம்பந்தம்? நமக்கு ஊட்டி போதாதா?

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை வடிக்கக் கல் எடுக்க இமயத்துக்குப் போனான் என்கிறது சிலப்பதிகாரம். வஞ்சியைவிட்டுக் கிளம்பி 32 மாதம் ஆகிவிட்டது என்று நடுவில் கணக்கும் சொல்கிறது. லேக் மார்க்கெட்காரர் நாலு நாள் கேட்கிறார்.

அதைவிட உறுதியான சம்பந்தம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை எத்தனை ஸ்டேஷன்? 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பக்கம் ஒரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கியதுதான் மாபெரும் முக்கோண நில அளவை. முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து, அரை நூற்றாண்டில் இமயமலை அடிவாரத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து எடுத்த கோணங்கள் கணக்குப் போட வந்து சேர்ந்தது கொல்கத்தாவுக்கு. நில அளவைத் துறையில் தலைமைக் கணக்கராக இருந்த ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி, 1852 வாக்கில், பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று கண்டார். 1856-இல் அறிவித்தபோது உயரம் 29,002 அடி. சிகரத்துக்குப் பெயர் மட்டும் துறையின் முன்னாள் தலைவர் எவரெஸ்ட் துரைக்குப் போனது. அளவு மெட்ராஸில் தொடங்கியது, கணக்கு கொல்கத்தாவில் முடிந்தது, பெயர் லண்டனுக்குப் போனது. சம்பந்தம் போதுமா?

கரியாஹாட் வாசகி: மலை மேலே சாதம் குழையாது என்கிறார்களே, குக்கர் எடுத்துக்கொண்டு போகவா? ரசம் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இறங்காது.

குழையாததற்குக் காரணம் அரிசி இல்லை, தண்ணீர். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். லாச்செனில் 91 டிகிரியை ஒட்டி. ஏரி உயரத்தில் 83 டிகிரி வாக்கில். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. உள்ளூர் வீடுகளில் எல்லாம் பிரஷர் குக்கர்தான். உங்கள் குக்கர் வேண்டாம். தங்குமிடத்தில் குளிருக்கு அடுப்படியைச் சுற்றித்தான் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், அக்கா என்று அழைத்துக் கொஞ்சம் வெந்நீர் கேட்டால் தருவார்கள். ரசப்பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு சின்ன டப்பா நெய். இவை போதும்.

தண்ணீருக்கு ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை முதலில் தடை செய்தது லாச்சென் ஊர்தான். அங்கே பஞ்சாயத்து கிடையாது. ஜூம்சா என்ற பழைய ஊர்ச்சபை, அதற்குப் பிபோன் என்ற தலைவர். அவர்கள் சொன்னால் சொன்னதுதான். பிறகு 2022 ஜனவரி முதல் மாநிலம் முழுக்கத் தடை வந்தது. சிப்ஸ் கவரை ஜன்னல் வழியாக வீசும் பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் செவோக்கிலேயே திருத்திவிடுங்கள்.

கரக்பூர்: மலைச்சாலையில் எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்க வேண்டும்?

இறங்குகிறவர். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிகளிலேயே இருக்கிறது. இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் கருகிய வாடை வரும். அந்த வாடை வந்தபின் வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வேலை இருக்காது.

பெயர் வேண்டாம், பாலிகஞ்ச்: ஷேர் ஜீப்பில் மாப்பிள்ளை வீட்டாரோடு போகிறோம். முன்சீட்டு யாருக்கு?

வாந்தி எடுப்பவருக்கு. அப்படி யாரும் இல்லையென்றால் சம்பந்திக்கு. அரைமணி நேரத்தில் அவரே எடுத்துவிடுவார், பிரச்சினை தீர்ந்தது. பேக்கேஜ் காகிதத்தையும் ஒருமுறை சேர்ந்தே படித்துவிடுங்கள். யும்தாங் பள்ளத்தாக்கு உள்ளடங்கியது என்றிருக்கும். அதற்கு மேலே உள்ள ஜீரோ பாயின்ட்டுக்குத் தனிப் பணம். யும்தாங் வந்து நின்றபின் அந்தப் பணம் யார் கொடுப்பது என்று மௌனம் நிலவும். 15,000 அடிக்கு மேல் போகிற இடம் அது. லாச்சுங்கில் தலைவலித்தவர்கள் போகவே வேண்டாம். மௌனத்தைக் கலைக்க அது ஒரு நல்ல சாக்கு.

திருச்சி வாசகர்: இவ்வளவு கஷ்டப்பட்டு உயரம் ஏறுவதற்கு, வங்காளிகள் மாதிரி திகாவுக்கே போய்விடலாமே?

வங்காளிகளின் விடுமுறை திகா, பூரி, டார்ஜிலிங் என்ற மூன்றுக்குள்தான் சுற்றும்; ‘தீ-பூ-தா’ என்று அவர்களே சுருக்கிச் சிரித்துக்கொள்வார்கள். அந்த மூன்றில் இரண்டு கடற்கரை. அங்கே மூச்சு முட்டாது, பர்மிட் வேண்டாம், பருப்பும் நன்றாக வேகும். ஆனால் சனிக்கிழமை இரவு போய் இறங்கிப் பாருங்கள், அறை கிடைக்காது.